சாரம் ஏறாத மேசனுக்கும் வேலை உண்டு

கேள்வி: எனக்கு 56 வயது. முப்பது வருடம் மேசன் வேலை செய்தேன். முழங்கால் வருத்தத்தால் சாரத்தில் ஏற முடியாது. இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறேன். அரசின் அஸ்வெசும உதவித்தொகை 10,000 ரூபாய் வருகிறது. திரும்ப வேலைக்குப் போனால் அதை வெட்டிவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகர், வட்டக்கச்சி

பதில்: அண்ணை, முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். வேலைக்குப் போவதை மட்டும் வைத்து அஸ்வெசுமவைத் தீர்மானிப்பதில்லை. கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை என்று 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறார்கள். வருமானம் நிலையாகக் கூடினால் உங்களுக்குரிய உதவிப் பிரிவு மாறலாம். அதை மறைக்க வேண்டாம். ஆனால் 10,000 ரூபாய் ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் காணும்? அதற்காகக் கையில் உள்ள தொழிலை விடாதீர்கள்.

என் அப்பாவும் மேசன். 2012இல் இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் இரண்டாம் கட்டம் தொடங்கிய பிறகு, விசுவமடுப் பக்கம் விடியப் போனால் இருட்டித்தான் வருவார். திட்டம் முடிய வேலை குறைந்தது, முழங்காலும் போனது. ஆறு மாதம் திண்ணையிலேயே இருந்தார். அப்புறம் அயலில் வீடு கட்டிய பொடியன் ஒருவன் மட்டம் பார்க்கக் கூப்பிட்டான். அப்பா கதிரையில் இருந்தபடி மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையைப் பிடித்தார். மூலைக்கு மூலை முக்கால் அங்குலம் பிசகு. "கல்லு வைக்காதை தம்பி, அத்திவாரத்தைத் திரும்பப் பார்" என்றார். அன்றிரவு அவர் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்களிடமும் அந்தக் கண் இருக்கிறது. அதற்கு ஒரு சான்றிதழ் எடுங்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில், அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை உண்டு. பொடியன்களோடு வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. செய்த வேலைகளின் படங்களையும், வேலை செய்வித்த வீட்டுக்காரர்களின் கடிதங்களையும் கொண்டுபோங்கள். மதிப்பீட்டாளருக்கு முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். விபரத்தைப் பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம்.

கொந்தராத்துக்காரரிடம் "ஏதும் வேலை இருக்கோ" என்று போகாதீர்கள். மட்டமும் மூலையும் பார்க்கிறேன், இரண்டு பொடியன்களைப் பழக்கிவிடுகிறேன், காலையில் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். சம்பளத்துக்கு வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதியையும் கேளுங்கள். உங்கள் பங்கு 8 சதவீதம், அவருடையது 12.

காலபோக நெல் வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும்போதுதான் ஊரில் வீட்டு வேலைகள் தொடங்கும். அதற்குள் அந்தக் கடிதங்களைச் சேர்த்துவிடுங்கள், அண்ணை.