அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பதவிக்கு 18 ஆண்டு வரம்பு வைக்கச் சாதாரணச் சட்டம் போதுமா?

போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியை 18 ஆண்டில் பதவியிலிருந்தே இறக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்பதுதான் பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதல். இன்றைய நிலையில் குதிரைக்கொம்புதான்.

'1869இல் ஒன்பது நீதிபதிகள் என்று வைத்தது சாதாரணச் சட்டம்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன். எத்தனை நீதிபதிகள் என்று அரசமைப்பு சொல்லவில்லை, அதனால் காங்கிரஸ் மாற்றலாம். பதவிக்காலத்தை அது சொல்லியே விட்டது.

அரசமைப்பின் மூன்றாவது ஷரத்தின் முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள், இரண்டே வாக்கியம். 'நன்னடத்தை உள்ளவரை' பதவி, அதாவது நடைமுறையில் ஆயுள் பதவி, என்று இரண்டாவதில் இருக்கும். பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பதும் அதிலேயே வரும்.

ஒரு சுற்றுவழி பேசப்படுகிறது: 18 ஆண்டுக்குப் பிறகு பதவியைப் பறிக்காமல் கீழ் நீதிமன்றப் பணிக்கு மாற்றுவது. செல்லுமா என்பது இதுவரை சோதிக்கப்படவில்லை. வழக்கு வந்தால் தீர்ப்பு சொல்லப்போவதும் அதே உச்ச நீதிமன்றம்தான்!

பதவிக்காலத்தை விட்டு, நீதிபதிகளின் நடத்தையைக் கண்காணிக்கும் நன்னெறிக் கண்காணிப்பு என்றால் அது வேறு கதை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தனக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டது. மீறினால் விசாரிக்க ஆளில்லை. கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிபதிகள்மீது புகார் கொடுக்க 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது, உச்ச நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. சாதாரணச் சட்டத்தால் ஏதாவது நடக்குமென்றால் இந்தப் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். நீதித்துறையில் காங்கிரஸ் தலையிடக் கூடாது என்ற அதிகாரப் பிரிவினை ஆட்சேபம் இங்கேயும் வரும்.