வார்டு வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்தில் எதைப் பார்ப்பது? கேள்வி பதில்

உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்களின் சமூக வலைதளப் பக்கங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அக்கா, எங்கள் வார்டில் நிற்கப்போகிறவர் தினமும் ரீல்ஸ் போடுகிறார். ஒளிவுமறைவு இல்லாத ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ரீல்ஸை விடுங்கள், கமெண்டைப் பாருங்கள். சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது போட்டிருப்பார்கள் இல்லையா, அது அழிக்கப்படாமல் இருக்கிறதா, கீழே பதில் வந்திருக்கிறதா, இல்லை "நேரில் வாங்க பேசிக்கலாம்" என்பதோடு முடிந்துவிட்டதா? எல்லாக் கமெண்டும் "வாழ்த்துகள் அண்ணே" என்றே இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். காதுகுத்து, கும்பாபிஷேகப் படங்களுக்கு நான் மார்க் போடுவதில்லை.

கேள்வி: பக்கம் தேர்தலுக்காகத் திடீரென முளைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஃபேஸ்புக்கில் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' என்ற பகுதிக்குப் போங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது எல்லாம் வரும். நடிகரின் ரசிகர் பக்கமாக இருந்தது ஒரே நாளில் 'மக்கள் சேவகர்' ஆகியிருக்கலாம்! அரசியல் விளம்பரத்துக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதை ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஆட் லைப்ரரி இந்தியாவில் 2019 முதல் காட்டுகிறது. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால், அங்கே ஆள் எந்தக் கட்சிக்காரர் என்பதைப் பழைய பதிவுகளே சொல்லிவிடும்.

கேள்வி: குப்பை வண்டி வராததைக் கேட்டதற்கு என்னை பிளாக் செய்துவிட்டார். இது சரியா சார்?

பதில்: சார் இல்லை, அக்கா. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நகர நிர்வாகி இப்படிச் செய்தது உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு இருந்து, அதைப் பயன்படுத்தித்தான் அந்தப் பதிவைப் போட்டார் என்றால் மட்டுமே அது அரசின் செயல் என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு. உங்கள் ஆள் இன்னும் பதவிக்கே வரவில்லை, அதனால் பிளாக் செய்வது அவர் இஷ்டம். நீங்கள் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை என்றால், ஓட்டு போடும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம்.

கேள்வி: எங்கள் ஊரில் நிற்கும் அக்காவுக்கு கணக்கே இல்லை. மறைக்க ஏதாவது இருக்குமோ?

பதில்: இப்படி முடிவுக்கு வரவே வராதீர்கள். பெண் ஒருவர் சொந்தப் படத்தோடு எழுதினால் என்ன மாதிரி கமெண்ட் வரும் என்று தெரியாதா? தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எனக்குக் கவலை வேறு: சில பக்கங்களில் பெயர் பெண் வேட்பாளருடையது, பக்கத்தில் எங்கே பார்த்தாலும் கணவர் கை கூப்பி நிற்பார், பதில் போடுவதும் அவர்தான். கணக்கு இல்லாதவர் எவ்வளவோ மேல். கிராம சபைக்கு வந்து வரவு செலவு கேட்டிருக்கிறாரா என்று ஊரில் விசாரியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஊரறிய நடக்கிற கூட்டம்தானே.

கேள்வி: குடும்பம், சொத்து எல்லாம் பக்கத்தில் போட வேண்டாமா?

பதில்: குடும்பப் படம் நமக்கெதற்கு? சொத்து, வழக்கு விவரத்தை வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் பாருங்கள். வாக்காளருக்குத் தொடர்பில்லாத விஷயங்களில் வேட்பாளருக்கும் தனியுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில், அருணாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது.

கேள்வி: எதிரணிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பலாமா?

பதில்: வேண்டாம். லிங்க் கேளுங்கள், பெரும்பாலும் அத்தோடு ஆள் காணாமல் போய்விடுவார்.