ப எங்கே தொடங்குகிறது?

வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். யூகேஜி பிள்ளைகள் 25 பேருக்கு ஒரே ஒரு டேப்லெட்டை வைத்துத் தமிழ் எழுத்து கற்பிக்கப் பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும். புள்ளிகள் மேல் விரலை ஓட்டினால் எழுத்து வந்துவிடும் செயலி ஒன்றை எடுத்திருக்கிறேன். முடித்ததும் நட்சத்திரம் கொட்டும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது. இதைவிட நல்ல செயலி உண்டா? தினமும் எவ்வளவு நேரம் காட்டலாம்?
– ர.

அன்புள்ள ர.,

2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட ஒரு வயதுதான் கூடுதல். பல வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் பள்ளிக்குக் கிளம்புமுன்பே தீர்ந்துவிடுகிறது.

எந்தச் செயலி என்பதை விடுங்கள். ‘விரலை ஓட்டினால் எழுத்து வந்துவிடும்’ என்கிறீர்களே, எப்படியம்மா வரும்? ஆசிரியராகப் போகிறவர் இதை யோசிக்க வேண்டாமா? இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்தார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றைப் பார்த்துத் தாங்களாகவே எழுதினார்கள். பிறகு அவற்றைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டது தாங்களாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். கோணலும் மாணலுமாகப் பத்து ப போடும் பிள்ளைக்குத்தான் இத்தனையும் ப என்று புரிகிறது. புள்ளியைத் துரத்தும் பிள்ளை புள்ளியை மட்டுமே பார்க்கிறது. காகிதத்தில் புள்ளி வைத்துத் தந்தாலும் இதே கதைதான்.

ப-வை இடப்பக்கம் மேலே தொடங்கி, இறங்கி, வலப்பக்கம் போய், ஏறி முடிக்க வேண்டும். அப்படி ஏறிய கைதான் ம-வுக்கு உள்பக்கம் வளையும். வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாலும் உங்கள் செயலி நட்சத்திரம் கொட்டுகிறதா, இன்றே போட்டுப் பாருங்கள். உள்ளங்கை திரையில் பட்டால் கோடு வேறெங்கோ ஓடுகிறதா என்றும் பாருங்கள். அப்படி ஓடினால் பிள்ளை மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு தோளிலிருந்து எழுதப் பழகும். பென்சிலுக்கு மணிக்கட்டு மேசையில் ஊன்றியிருக்க வேண்டும்.

செயலிக்குப் பதிலாக, விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் சலித்த காய்ந்த மணலை அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பரப்புங்கள். கூடினால் ஓரம் சரிந்து கோடு மூடிக்கொள்ளும். குறைந்தால் நகம் தட்டில் கீறும். ஈரமணல் விரலில் ஒட்டும். எழுத்து அட்டையைக் காட்டுங்கள், பெயரைச் சொல்லுங்கள், அட்டையைக் கவிழ்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். கவிழ்க்க மறந்தால் பாடமே போயிற்று.

டேப்லெட் உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் மணலில் எழுதுவதை அதில் வீடியோ எடுங்கள். நாளுக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்குப் பத்து விநாடி, முகம் வேண்டாம், தட்டும் கையும் தெரிந்தால் போதும். ஐந்து நாளில் 25 பேரும் முடிந்துவிடுவார்கள். 25 பேர் நடுவே நிற்கும்போது யார் கை எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். கீழிருந்து தொடங்குகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை அவர்கள் பக்கத்தில் போய் முதலில் உட்காருங்கள். குறித்ததும் வீடியோவை அழித்துவிடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.