சிமென்ட் குளத்து மீன்களுக்கு மறைப்பு: அல்லியா, தாமரையா?

மடையானிடமிருந்து தங்கமீன்களை மறைக்க எந்தச் செடி வைக்கலாம், வைத்த அல்லி ஏன் இன்னும் இலை விடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டரை அடி ஆழமுள்ள உங்கள் குளத்துக்கு அல்லியே ஏற்றது. தாமரை இலைகள் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதால், விளிம்பில் அசையாமல் காத்திருக்கும் மடையான் என்ற குளக்கொக்கின் கண்ணிலிருந்து மீன்களை அல்லியிலைகள் அளவுக்கு அவை மறைப்பதில்லை.

நீங்கள் வைத்த அல்லி மூன்று வாரமாகியும் இலை விடாததற்கு, தொட்டியை நேரே குளத்தின் அடியில் இறக்கியதே காரணமாக இருக்கக்கூடும். முதலில் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைக்கும், கொழகொழத்து நாற்றமடித்தால் வேறு கிழங்குதான் வாங்க வேண்டும். பிழைக்கும் என்றால், செங்கற்களை அடுக்கி, மண்ணுக்கு மேல் அரையடித் தண்ணீர் மட்டும் நிற்குமாறு தொட்டியை உயர்த்தி, இலைகள் மேலே வந்து விரிய விரிய ஒவ்வொரு கல்லாக எடுத்துவிடுங்கள். தேங்காய் நார்க்கழிவு மிதந்துவிடும் என்பதால் தொட்டியில் நிரப்பக் களிமண்ணே நல்லது. அதன்மேல் கூழாங்கல் பரப்பாவிட்டால் தங்கமீன்கள் கிளறிப்போடும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும், மதுரையில் அதற்கா பஞ்சம்!

இலவசமாகக் கிடைக்கிறதே என்று கண்மாயிலிருந்து ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளி வராதீர்கள். வண்டியூர்க் கண்மாயை அது மூடிக்கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும்.

அல்லியானாலும் நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேல் பரவினால் போதும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அப்போது இலைகளைக் கழித்துவிடுங்கள். செடி படரும்வரை விளிம்போரம் வலை கட்டாமல் மடையானைத் தடுக்க முடியாது.