முதலில் வேலி, அப்புறம் விதை

தம்பி, புதிதாக வெளிநாடு வந்து வாடகை வீட்டின் பின்பக்கம் நட்ட பீன்ஸையும் கீரையையும் ஒரே ராத்திரியில் ஏதோ மேய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மண் நல்லது, ஊரிலிருந்து விதையைப் பெட்டியில் கொண்டுவரலாமா, பாச்சை உருண்டை போட்டால் மிருகங்கள் வராதா என்றும் கேட்கிறீர்கள். மண்ணைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விதையைச் சான்றிதழ் இல்லாமல் ஒளித்துக் கொண்டுவராதீர்கள், பல நாடுகளில் அபராதம் உண்டு. நான் பேச வேண்டியது அந்த உருண்டையைப் பற்றி.

இந்த யோசனையை உங்களுக்குச் சொன்னது நம் ஆட்களாகத்தான் இருக்கும். நான் வந்த காலத்திலும் இதையேதான் சொன்னார்கள். அது மூடிய பெட்டிக்குள் துணிக்கு வைக்கிற நாப்தலீன். திறந்த மண்ணில் போட்டால் நஞ்சு, குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். எலி விஷமும் வேண்டாம். விஷம் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும், அதைத் தின்கிற ஆந்தையும் சாகும். மிருகத்தைப் பொறியில் பிடித்துத் தூரத்தில் விடுவது பல இடங்களில் சட்டப்படி தப்பு. குட்டி போடும் பருவத்தில் தாயைக் கொண்டுபோனால் குட்டிகள் பட்டினியில் செத்துப்போகும். இன்னொன்று, படம் எடுப்பதற்காக அணிலுக்கும் மானுக்கும் ரொட்டி போட்டுப் பழக்குகிறவர்கள்தான் பிறகு தோட்டம் போச்சு என்று அதிகம் புலம்புகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் உண்மையிலேயே கோபம்.

வேலிதான் வழி. ஆனால் வந்தது யார் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். கடிபட்ட தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருந்தால் முயல். நார்நாராகக் கிழிந்திருந்தால் மான், அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, இழுத்துத்தான் பிய்க்கும். முயலுக்கு 2 அடி உயரக் கம்பிவலை போதும், வலையின் ஓட்டை, அதாவது கண், 1 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அடிப்பகுதியில் அரை அடியை வெளிப்பக்கம் மடித்து மண்ணில் புதையுங்கள். மானுக்கு 8 அடி வேண்டும். வாடகை வீடு என்பதால் குழி தோண்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழச்செடிக்குப் போடும் பறவை வலை சுண்டுவிரல் நுழையாத அளவு நெருக்கமாக இருக்கட்டும். பெரிய கண் வலையில் குருவியும் பாம்பும் சிக்கிச் சாவதைப் பார்த்திருக்கிறேன்.

தண்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் இந்த வித்தையை எனக்குக் கற்றுத் தந்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. அப்போது எனக்குப் பேச்சுத் துணைகூட இல்லை, மொழியும் தடுமாறும். அவர் அதிகம் பேசவில்லை, தண்டைக் காட்டுவார், பல்லைத் தொட்டுக் காட்டுவார். ஒருநாள் புல்தரையில் குனிந்து, காய்ந்த புல்லையும் ரோமத்தையும் விரலால் மெல்ல விலக்கினார். உள்ளே கண் திறக்காத முயல்குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு. தாய் விட்டுப் போகவில்லை, விடியலிலும் அந்தியிலும் மட்டும் வந்து பால் கொடுத்துப் போகும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வாரம் போல அந்த மூலையில் புல் வெட்டவில்லை, அவை தாமாகவே போய்விட்டன. அந்த வருடம் கம்பிவலைக்குள் பீன்ஸ் நன்றாகக் காய்த்தது, பாட்டிக்கும் ஒரு கூடை கொடுத்தேன். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே போய்க் கம்பி மடித்துக் கொடுக்கிறேன்.

கடிபட்ட தண்டை அருகில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கம்பி வாங்க வேண்டாம்.