வீட்டில் வளைத்த அலுமினிய ஹேண்டில்பாருக்கு எந்தப் பூச்சு?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய சைக்கிளுக்கு அலுமினியக் குழாயை நானே வளைத்து ஹேண்டில்பார் செய்திருக்கிறேன். பிடித்து ஓட்டினால் உள்ளங்கை கறுக்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பார்த்தேன், இரண்டே வாரத்தில் தோலாக உரிந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குள் நீடித்து நிற்கிற பூச்சு ஏதாவது உண்டா?"

உண்டு. ஆனால் அதற்கு முன் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் சட்டத்துக்கு விற்கிற மெல்லிய குழாய் என்றால், எந்தப் பூச்சும் வேண்டாம், அதைச் சைக்கிளிலேயே மாட்ட வேண்டாம். சுவர் குறைந்தது 2 மி.மீ. கனமாவது இருக்கட்டும். வளைப்பதற்காக நெருப்பில் காட்டிப் பதப்படுத்தியிருந்தால் குழாய் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்திருக்கும். இரும்பைப் போல அலுமினியம் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. மெல்ல விரிசல் விட்டு, ஒரு நாள் பட்டென்று ஒடியும். அதனால் என் கட்சி இதுதான்: வீட்டில் செய்த ஹேண்டில்பாருக்கு, விரிசலை மறைக்காத பூச்சே நல்ல பூச்சு.

பெயின்ட் ஏன் உரிந்தது? காற்றுப் பட்டவுடனேயே அலுமினியம் மேலே ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உலோகத்தைக் காப்பது அதுதான், பெயின்ட் பிடிக்க விடாததும் அதுதான். கதவுக் கிராதிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு இங்கே உதவாது. கட்டாயம் பெயின்ட்தான் வேண்டும் என்றால் 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, கையால் தொடாமல் உடனே எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிற அடிப்பூச்சு) அடியுங்கள். அதன் மேல் கார் டிங்கரிங் பட்டறையில் வேறு வேலையோடு சேர்த்து டூ பேக் பெயின்ட் (இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) அடித்துத் தரச் சொல்லலாம். அந்த ஆவி நுரையீரலுக்கு ஆகாது, வீட்டுத் திண்ணையில் வைத்து அடிக்காதீர்கள்.

பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்ட வைப்பது, உறுதியானது. ஆனால் கனமும் 60, 70 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வந்துவிடும், அடியில் விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு பிணைக்கிற கவ்வி) கவ்வுகிற இடத்தில் அந்தப் பூச்சு நசுங்கி, கொஞ்ச நாளில் பிடி தளர்ந்து ஹேண்டில்பார் சுழலும். அடித்தே ஆக வேண்டுமானால் அந்த இடத்தை மறைத்து வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

ஆனோடைசிங் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காரைக்குடியில் சிக்ரி இருக்கிறதே! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த, 1953ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் அது. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அதே ஆக்சைடு படலத்தை 10, 15 மைக்ரானுக்கு வளர்ப்பதுதான் ஆனோடைசிங். மேலே ஒட்டியது அல்ல, உலோகத்திலிருந்தே விளைந்தது என்பதால் உரியாது. பட்டறையில் செய்து வாங்க முடிந்தால் இதைவிட மேலானது இல்லை. ஆனால் கோவை மாதிரி ஊர்களில் ஒற்றைக் குழாய்க்குத் தொட்டியைத் தொட யோசிப்பார்கள். வீட்டில் பேட்டரி ஆசிட் வைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், நம்ம ஊர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடானால் படலம் வளர வளர அமிலமே அதைக் கரைத்து, சுண்ணாம்புப் பொடி மாதிரி கையோடு வரும். ஆசிட், ஹைட்ரஜன், ஐஸ் கட்டி... ஒரு ஹேண்டில்பாருக்கு இத்தனை பாடு தேவையில்லை.

நான் செய்வது இதுதான். பெயின்ட் மிச்சத்தை எடுத்துவிட்டு 220, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே தண்ணீர் தொட்டுத் தேய்ப்பேன். கடைசிச் சுற்று குழாயின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் பின்னாளில் விரிசலுக்கு வழிவிடும். அப்புறம் துணியில் மெட்டல் பாலிஷ், கடைசியாக மெழுகு. ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பாருங்கள். கண்ணாடி மேல் வார்ப்பதால்தான் அதற்கு அந்த மினுமினுப்பு, மேலே எதுவும் பூசுவதில்லை. இதுவும் அதே கதைதான். மெழுகு மட்டும் மாதம் ஒரு தடவை போட வேண்டும், இல்லாவிட்டால் மங்கும். காஸ்டிக் சோடா, வாஷிங் சோடா பக்கம் போகவே வேண்டாம், அவை அலுமினியத்தைத் தின்னும்.

கை கறுப்பதற்கு வைத்தியம் பருத்தி நாடா. தையல் கடையில் கிடைக்கிற நாடாவை, கை பிடிக்கிற இடத்தில் மட்டும் இறுக்கிச் சுற்றி, மேலே அரக்கு பாலிஷ் தடவுங்கள். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊற வைத்தால் பாலிஷ் தயார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு மரச்சாமான் மெருகேற்றித் தருகிற ஆசாரிகளிடம் கேட்டால் ஒரு டப்பா கிடைக்கலாம். மெல்லியதாக ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பர்மா தேக்குத் தூண் நிறத்துக்கு வந்துவிடும், வியர்வை உள்ளே இறங்காது. தேய்ந்த இடத்தில் மறுபடி ஒரு கை தடவினால் போதும், பழையதோடு கலந்துவிடும். குறை இல்லாமல் இல்லை: உச்சி வெயிலில் நிறுத்தினால் லேசாக ஒட்டும், கையில் சானிடைசர் ஈரம் இருந்தால் கரைந்து வரும். கடைக் கணக்குப் பார்த்தால் உங்கள் ஆயிரத்தில் பாதி மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

ஸ்டெம் இரும்பாக இருந்தால் மாட்டும் முன் இடையில் கிரீஸ் தடவுங்கள், மழைத்தண்ணீர் தங்கி இரண்டு உலோகமும் அரித்துக்கொள்ளாமல் இருக்கும். மாதம் மெழுகு போடும்போது ஸ்டெம்மைத் தளர்த்தி, கவ்விய இடத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு தட்டுப்பட்டாலும் சரி, அன்றைக்கே அந்தக் குழாய் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.