கட்டிலுக்கு அடியில் இருக்கும் பை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 32 வயது. மடிப்பாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். எட்டு வருடம் ஐ.டி. வேலையில் சேர்த்த பணத்தை நம்பி, வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன். வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா, அப்புறம் ஜார்ஜியா, ஆர்மீனியா என்று பதினொரு மாதம். திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது.

விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். முதல் வாரம் ரசமும் ஃபில்டர் காபியுமாகச் சொர்க்கம்தான். அதற்கப்புறம் எதுவும் ஒட்டவில்லை. வேளச்சேரி பக்கம் போனால் ஹாரன் சத்தத்தில் தலை வலிக்கிறது. தோழிகள் "ட்ரிப் எப்படி இருந்துச்சு?" என்கிறார்கள். நான் ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் பேச்சு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்குப் போய்விடுகிறது. தனியாக எத்தனையோ எல்லைகளைக் கடந்தவளிடம், கடைக்குக் கிளம்பினால்கூட "எங்கே போறே, எப்போ வருவே?" என்று கேட்கிறார் அப்பா. என் அறையில் தையல் மிஷின் வந்து உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று. வேறு யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கிறது.

முதுகுப்பையை இன்னும் பிரிக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ராத்திரி டிக்கெட் விலை பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன். இவ்வளவு அன்பான வீட்டில் இருந்துகொண்டு இப்படி நினைப்பது நன்றிகெட்டதனமா?

மடிப்பாக்கம் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நன்றிகெட்டதனம் இல்லவே இல்லை. வெளிநாடு கிளம்புகிறவருக்குப் புத்தி சொல்ல ஊரே திரண்டு வரும். திரும்பி வருகிறவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை, சொந்த வீடுதானே என்று விட்டுவிடுவோம். வெளிநாட்டில் தங்கித் திரும்பிய அமெரிக்கர்களை ஆராய்ந்த ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும், மனநிலை ஆங்கில 'டபிள்யூ' எழுத்தைப் போல இறங்கி ஏறுகிறது என்று 1963இல் எழுதினார்கள். போன இடத்தில் ஒரு பள்ளம், ஊர் திரும்பியதும் இன்னொன்று. எல்லாருக்கும் அதே அச்சில் வந்துவிடாது. ஆனால் நீங்கள் சொல்வது அந்த இரண்டாவது பள்ளத்தைத்தான்.

எங்கே தூங்குவது, எந்த பஸ் ஏறுவது என்று பதினொரு மாதம் நீங்களே முடிவெடுத்தீர்கள். இங்கே காபிகூடக் கேட்காமலே கைக்கு வருகிறது. அது அன்புதான், ஆனாலும் மூச்சு முட்டும். அப்பா கேட்பதற்கு முன் "எட்டு மணிக்கு வந்துடுவேன்பா, லேட்டானா போன் பண்றேன்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். கேள்வியாக வந்தால் குத்துகிற விஷயம், தகவலாகச் சொன்னால் குத்தாது. வாரத்தில் ஒருநாள் அடுப்படியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருநாள் 29சி பஸ் பிடித்து, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை ஜன்னலோரமாக உட்கார்ந்து போய்வாருங்கள். புது ஊரைப் பார்க்கிற கண் உங்களிடம் இப்போது இருக்கிறது, சென்னைக்கும் அதைக் கொஞ்சம் கொடுக்கலாம்.

தோழிகளிடம் பதினொரு மாதத்தையும் கொட்ட வேண்டாம். ஒரு சந்திப்புக்கு ஒரு கதை போதும். பொறுமையாகக் கேட்கிற ஒருத்தி கிடைத்தால் அவளிடம் நீளமாகப் பேசுங்கள்.

தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாததும் தினமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அப்புறம் அந்த மாத்திரை டப்பா. அதைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அது யாருக்கு, எதற்கு என்று எழுதவில்லை. உங்களுக்கே தெரியாதோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கதையைக் கேட்க ஆளில்லை என்று வருந்துகிறீர்கள், அது நியாயம்தான். அந்த வீட்டிலும் பதினொரு மாதம் ஓடியிருக்கிறது. தூரத்தில் இருக்கும் பெண் கவலைப்படக் கூடாதென்று போனில் சொல்லாமல் விட்டவை இருக்கும்.

இன்று சாயங்காலம் பையை வெளியே இழுத்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு பொருளாக எடுத்து அது எந்த ஊர் என்று சொல்லுங்கள். நடுவில் அந்த டப்பாவைப் பற்றியும் கேளுங்கள்.